நான்காவது அட்மிஷன்

மே மாதத்தில் எங்கள் கல்லூரியில் யாரும் பாடம் நடத்துவதில்லை. ஆசிரியர்கள் எல்லோரும் ஆள் பிடிக்கக் கிளம்பிவிடுவோம். செங்கல்பட்டுக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் சின்ன தனியார் பொறியியல் கல்லூரி அது. பதினோரு வருடமாக அங்கே கணக்கு நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் முதல்வர் எங்களை செமினார் ஹாலில் உட்காரவைத்து ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பார். மாணவர் பெயர், அப்பா பெயர், ஊர், மதிப்பெண், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. ஆளுக்கு நாலு அட்மிஷன் கொண்டுவர வேண்டும். நாலும் வந்தால்தான் மே மாதச் சம்பளம். வராவிட்டால் வருகிறவரை நிறுத்திவைப்பார்கள்.

முதல் வருடம் இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. எம்.எஸ்ஸி., எம்.ஃபில். முடித்துவிட்டு நோட்டீஸ் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவதா என்று வீட்டில் ஒரு பாட்டம் புலம்பினேன். அடுத்த வருடம் தொப்பி வாங்கினேன். அதற்கடுத்த வருடம் எந்த ஊரில் எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பது வரை தெரிந்துவிட்டது. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பதற்கு எங்கள் ஸ்டாஃப் ரூமே சாட்சி.

எனக்கு ஒதுக்கியது செய்யூர்ப் பக்கத்துக் கிராமங்களும் அங்கிருந்து கடலோரமாக நெம்மேலி வரையும். நடுவில் கல்பாக்கம் டவுன்ஷிப்பும் உண்டு. ஆனால் அங்கே எங்கள் நோட்டீஸை யாரும் கையால் தொடமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆறாவது படிக்கும்போதே எந்தக் கல்லூரி என்று முடிவாகியிருக்கும். எங்களுக்கு வேண்டியது இன்னும் முடிவு செய்யாத வீடுகள். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர்கள், வேர்க்கடலை போடுகிறவர்கள், ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிற அம்மாக்கள். அந்த வீடுகளில் நான் வாத்தியார். சொன்னால் நம்புவார்கள்.

அந்த வீடுகளில் கேட்கும் கேள்விகளும் எனக்கு மனப்பாடம். என்ன கோர்ஸ் நல்லது என்று அப்பாக்கள் கேட்பார்கள். ஃபீஸைக் குறைக்க முடியுமா என்று மாமாவோ சித்தப்பாவோ கேட்பார். அம்மாக்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். பஸ் எங்கே வரும்? எங்கள் கல்லூரி அதைப் புரிந்துவைத்திருந்தது. ஆய்வகத்தில் ஓடாத மெஷின் ஓடாமலே கிடக்கும். ஆனால் பதினாலு பஸ்ஸும் ஒவ்வொரு கிராமத்து முனைவரை போகும். கல்லூரியின் தரம் என்ன என்று என்னைக் கேட்டால், பதினாலு பஸ் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் சொல்ல வந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாதத்தைப் பற்றி. அந்த மாதம் மூன்றாவது வாரத்துக்குள் மூன்று அட்மிஷன் சேர்த்துவிட்டேன். நாலாவதைத் தேடித்தான் செய்யூரைத் தாண்டி அந்த ஊருக்கு ஸ்கூட்டியில் போனேன். பட்டியலில் இருந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும், நியாயமாக, அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்தப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. பொறியியலுக்கான கட்ஆஃப் இருநூறுக்கு நூற்று எழுபத்தெட்டு. எங்களிடம் சேருகிறவர்களில் பாதிப் பேர் நூறைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

இது தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பொறியியலில் சேர இரண்டு வழி உண்டு. ஒன்று, அரசு நடத்தும் கவுன்சிலிங். மற்றொன்று, கல்லூரிக்கே நேராகப் போய்ப் பணம் கட்டி வாங்கும் மேனேஜ்மென்ட் சீட்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங்கில் ஏழரை சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணம், விடுதி, பஸ் எல்லாம் அரசே கட்டிவிடும். நூற்று எழுபத்தெட்டு வைத்திருக்கிற பெண் அந்த வழியில் போனால் சென்னையில் நல்ல கல்லூரியில் ஒரு பைசா இல்லாமல் படிக்கலாம். எங்களிடம் மேனேஜ்மென்ட் சீட்டில் வந்தால் நாலு வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் ஆகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

தளம் போட்டு இன்னும் பூசாத வீடு. வாசலில் குட்டியானை நின்றது. சவுக்குக் கட்டை ஏற்றி இறக்கியதில் அதன் பின்பக்கமெல்லாம் பட்டைத்தூள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். அம்மா மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறவர், அன்று லீவு. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி, சில்லென்று ரஸ்னா கொடுத்தார்கள். பெண் சமையலறை வாசலில் நின்றாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, என்னைவிட என் கையிலிருந்த நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். உங்கள் ஊர் முனையிலேயே காலை ஏழு பத்துக்கு வரும், சாயங்காலம் ஆறேகாலுக்கு இறக்கிவிடும் என்றேன். அவர் கணவரைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவர்களுக்குக் கல்லூரி முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. காலை ஆறரை மணிக்கே ரிசார்ட் வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். கணவர் லோடு கிடைக்கிற நேரத்துக்குப் போகிறவர். பெண் எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்பது அவருக்கு எந்த ரேங்கைவிடவும் பெரிய விஷயம்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "கவுன்சிலிங்னு ஒண்ணு கீதாமே மேடம். ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்களாம். அதுல போனா கோயமுத்தூரு, திருநெல்வேலின்னு எங்கியாச்சும் தூக்கிப் போட்டுடுவாங்கன்றாங்களே?"

யாரும் யாரையும் தூக்கிப் போடுவதில்லை. எந்தக் கல்லூரி வேண்டும் என்று நாம்தான் வரிசையாக எழுதிக்கொடுக்கிறோம். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். "சில பேருக்கு அப்படி ஆயிருக்குண்ணா" என்றேன். முழுப் பொய் இல்லை. ஒழுங்காக எழுதத் தெரியாதவர்களுக்கு ஆகியிருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் அது பொய்தான்.

அவர் உள்ளே போய் ஜிப் வைத்த ஃபைலை எடுத்துவந்தார். பத்தாவது ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் அதில் இருந்தன. ஐயாயிரம் ரூபாயையும் சேர்த்து என் கையில் கொடுத்தார். நகல் போதும் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வைத்தால் எலி கடித்துவிடும், உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும் என்றார். அந்த ஃபைல் எங்கள் ஆபீஸ் பீரோவுக்குள் போய்விட்டால், முதல் வருட ஃபீஸ் முழுவதும் கட்டாமல் வெளியே வராது. பிறகு வேறு இடத்தில் சீட் கிடைத்தாலும் அந்தப் பெண் அங்கே போக முடியாது. இதுவும் எனக்குத் தெரியும். ரசீது எழுதிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். கம்ப்யூட்டர் லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும் மிஸ் என்று கேட்டாள். ஐந்து மணி வரை என்றேன். எத்தனை கம்ப்யூட்டர் ஓடும் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த முகவரி நெம்மேலி. கடற்கரைச் சாலைக்கு வந்து, கல்பாக்கத்தைத் தாண்டி, மாமல்லபுரம் வருவதற்குள் மணி ஒன்றரை ஆகிவிட்டது. பசி. டூரிஸ்ட் கும்பல் இல்லாத ஒரு ஓட்டலாகப் பார்த்து நுழைந்தேன். நாலாவது அட்மிஷன் பையில் இருந்ததால் அன்றைக்கு மீன் சாப்பாடே சொல்லலாம் என்று நினைத்தேன்.

இலையைப் போட வந்தவனுக்குப் பின்னாலிருந்து "மேடம்" என்று ஒரு குரல். எங்கள் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்த பையன். முதல் வருடம் என்னிடம் கணக்குப் படித்தவன், நன்றாகவே படித்தவன். இப்போது அந்த ஓட்டலில் சூப்பர்வைசர், வெள்ளைச் சட்டையில் பேர் அட்டை குத்தியிருந்தான். என் பையில் இருந்த நோட்டீஸில் "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்ற வரிக்குக் கீழே, இரண்டாவது வரிசையில், டை கட்டிக்கொண்டு இருப்பதும் அவன்தான். அவன் முகத்துக்கு அடியில் ஒரு கம்பெனி பெயர் போட்டிருந்தார்கள். அங்கே என்னப்பா ஆயிற்று என்று கேட்டேன். நாலு மாதம் ட்ரெயினிங் என்று வைத்திருந்து, பிறகு ஆர்டர் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். நோட்டீஸிலிருந்து போட்டோ மட்டும் போகவில்லை.

அவனுக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எக்ஸ்ட்ராவாக வஞ்சிரம் கொண்டுவந்து வைத்தான், காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தான்.

"நல்லாத்தான் கீறேன் மேடம். சம்பளம் பரவால்ல, சாப்பாடு இங்கியே. ஆனா இதுக்கு நாலு வருசம் தேவையில்ல. எனக்கு மேல மேனேஜரா கீறவன் ஒரு வருசம் கேட்டரிங் படிச்சவன். என்னவிட ரெண்டு வயசு சின்னவன்."

அவன் போனதும் நோட்டீஸைத் திருப்பி, பின்பக்கம் வெள்ளையாக இருந்த இடத்தில் எழுத ஆரம்பித்தேன். கணக்கு டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. ஒரு பக்கம் செலவு: ஃபீஸ், பஸ், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம், அரியர் வைத்தால் அதற்கு, போகாத தொழிற்சாலைச் சுற்றுலாவுக்குக் கூட. இன்னொரு பக்கம் அந்தப் பையனோடு படித்த முப்பத்திரண்டு பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதினேன். அவர்களுடைய வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸை எல்லாம் நான் பார்க்கிறவள்தான். ஐந்து பேர் மறைமலை நகர் பக்கம் கம்பெனிகளில், அதில் மூன்று பேர் ஒப்பந்தத்தில். சுங்கச்சாவடியில் ஒருவன். செல்போன் கடையில் இரண்டு பேர். அப்பாவின் ஹார்டுவேர் கடைக்கே போனவன் ஒருவன், அவன்தான் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறான். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். சிறுசேரியில் ஐ.டி. வேலையில் இருப்பவன் ஒருவன். அவன் எங்கே படித்திருந்தாலும் அங்கே போயிருப்பான். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் எங்கள் கல்லூரி கொடுத்தது எது, அவர்களே தேடிக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரிக்க வரவில்லை. கல்லூரியை ஒரேயடியாக மட்டம் தட்டவும் எனக்கு மனம் இல்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள் அங்கே உண்டு. வேறு எங்கேயும் சீட் கிடைக்காதவர்களுக்கு ஒரு வாசல் அது. பேசப் பயந்த பெண்கள் மேடையேறிப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நூற்று எழுபத்தெட்டுக்கு வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. அவற்றைப் பூட்டிவிட்டுச் சாவியையும் நான் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மீன் குழம்பு நன்றாக இருந்தது என்பதும் உண்மை. சாப்பிட்டு முடித்தேன்.

நெம்மேலிக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம் ஆபீஸில் கேட்டதற்கு இன்றைக்கு ஒன்றும் அமையவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அதே வீட்டுக்குப் போய் ஃபைலையும் ஐயாயிரத்தையும் டீப்பாய் மேல் வைத்தேன். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா மேடம், மார்க் பத்தலியா? இல்ல வேற யாராச்சும் டப்பு ஜாஸ்தி குடுத்துட்டாங்களா?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நம் பெண்ணை வேண்டாம் என்கிறார்கள் என்றே அவருக்குப் பட்டிருந்தது. மார்க் அதிகமாக இருப்பதால்தான் திருப்பித் தருகிறேன் என்றேன். அவருக்கு அது இன்னும் புரியவில்லை. அதிக மார்க் வாங்கினால் சீட் கிடைக்காது என்று சொல்லும் கல்லூரியை அவர் எங்கே பார்த்திருக்கிறார்? உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். நேற்று நான் சொன்னது சரியில்லை என்றேன். கவுன்சிலிங்கில் நாமே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம், அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் எல்லாச் செலவும் அரசே ஏற்கும், பள்ளியில் போய்க் கேட்டால் அவர்களே பதிவு செய்து தருவார்கள் என்றேன். சென்னையில் மூன்று கல்லூரிகளின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பெண்கள் விடுதி இருக்கிறதா என்று அம்மா கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் வாசல் வழியாகத் தெருமுனையைப் பார்த்தார்.

அப்போது ஏதோ வேகம் வந்து, சொல்ல வேண்டியதற்கு மேலேயே சொல்லிவிட்டேன். நோட்டீஸைக் காட்டி, இந்தப் பையன் இந்தக் கம்பெனியில் இல்லை, மாமல்லபுரத்தில் ஓட்டலில் இருக்கிறான் என்றேன். பக்கத்துப் படத்தில் இருக்கிற பெண் கல்யாணம் ஆகி ஆரணியில் இருக்கிறாள் என்றேன். லேபில் பாதிக் கம்ப்யூட்டர் ஓடாது என்றேன். கடைசியில் அப்பாவைப் பார்த்து, "எங்க காலேஜ் வேணாண்ணா. உங்க பொண்ணுக்கு இது பத்தாது" என்றேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார்கள். நான் வண்டியை எடுக்கும்போது அந்தப் பெண் தெருமுனை வரை கூடவே வந்தாள். மிஸ், நீங்க என்ன சப்ஜெக்ட் என்று கேட்டாள். கணக்கு என்றேன். தலையாட்டினாள்.

வழியெல்லாம் எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பெண்ணின் நாலு வருடத்தைக் காப்பாற்றிவிட்டேன், அதுவும் என் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து. இப்படி நல்ல காரியம் செய்கிற சந்தர்ப்பம் கணக்கு டீச்சருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. மறைமலை நகரில் குடோன் வேலையிலிருக்கும் என் கணவரிடமும் அன்று பெருமையாகச் சொன்னேன். சம்பளம் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

சம்பளம் வரவில்லை. நாலாவது அட்மிஷனும் கிடைக்கவில்லை. ஜூனிலும் ஜூலையிலும் முதல்வர் வாராவாரம் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்கவைத்து, சீனியர் ஸ்டாஃப் நீங்களே இப்படி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்பார். உள்ளுக்குள் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். சென்னையில் விடுதியில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு படம் என் மனதில் ஓடும். அது போதுமானதாக இருந்தது.

கவுன்சிலிங் முடிந்து, எங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்களின் பட்டியல் வந்த அன்று ஆபீஸில் என்னைக் கூப்பிட்டார்கள். வாசலில் அதே குட்டியானை நின்றிருந்தது. ஆபீஸுக்குள் அப்பாவும் அம்மாவும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில், முதல் விருப்பமாக எங்கள் கல்லூரியையே எழுதியிருக்கிறாள். அந்த மதிப்பெண்ணோடு எங்களிடம் யாரும் வந்ததில்லை என்பதால் முதல்வரே நேரில் வந்து காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த மேடம் வந்து பேசியதால்தான் இங்கே சேர்க்கிறோம் என்று அப்பா அவரிடம் சொல்லியிருந்தார். கவுன்சிலிங்கில் வந்தாலும் நீங்கள் கொண்டுவந்தது நீங்கள் கொண்டுவந்ததுதான், நிறுத்திவைத்த சம்பளத்தை இந்த மாதமே போடச் சொல்கிறேன் என்றார் முதல்வர். அந்த வீட்டில் என்ன பேசினீர்களோ அதையே மற்ற வீடுகளிலும் பேசுங்கள் என்று வேறு சொன்னார்.

அவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண்ணை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் கோபம். நான் அவ்வளவு சொல்லியும் ஏன் இங்கே எழுதினாய், அந்த மூன்று கல்லூரியில் எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். முதல் கல்லூரியே கிடைத்திருக்கும் என்று ஸ்கூலில் சொன்னார்கள் மேடம் என்றாள்.

"அப்பா என்னிய அங்கெல்லாம் இட்டுகினு போனாரு. எல்லா காலேஜ்லயும் எங்க காலேஜ்தான் பெஸ்ட்டு, நூறு பர்சன்ட் வேலைன்னாங்க. வேணாம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். பொய் சொல்லாத டீச்சர் கீற எடத்துலயே படிக்கட்டும்னு அப்பா சொல்லிட்டாரு. பஸ்ஸும் முனைக்கு வருதுல்ல."

இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ விதமாகப் பேசி ஆள் பிடித்திருக்கிறேன். அந்த ஒரு வீட்டில் மட்டும்தான் மனதறிந்து உண்மையைச் சொன்னேன். அதைவிட நன்றாக ஆள் பிடிக்கிற பேச்சை நான் பேசியதே இல்லை என்று ஆகிவிட்டது. முதல் நாள் பொய் சொன்னதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அல்லது திரும்பி வந்து ஒத்துக்கொண்டதால் அதையும் உண்மையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் அவள் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் போர்டில் தப்பு செய்தால் கையைத் தூக்குகிற ஒரே மாணவி. அவளுக்காகவே நான் முந்தின நாள் உட்கார்ந்து தயார் செய்துகொண்டு போக ஆரம்பித்தேன். லேபில் ஓடாத கம்ப்யூட்டர்களைப் பற்றி முதல்வருக்கு மூன்று கடிதம் எழுதினேன். நாலைந்து சரியாயின. சாயங்காலங்களில் கம்பெனித் தேர்வுகளுக்கு வரும் கணக்குகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லி ஐந்தாறு பேரை உட்காரவைத்தேன். ஐந்து மணிக்கு மேல் முடியாது, பஸ் போய்விடும். அவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்காக இந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள், பஸ்ஸுக்காகவே எழுந்து போனார்கள்.

மூன்றாம் வருடம் முடியும் சமயம், போன மார்ச்சில், கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பேர் கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வருகிற கம்பெனிகளின் பட்டியலை நானும் பார்த்தேன். இரண்டு, ட்ரெயினிங் என்று சொல்லிப் பணம் கேட்கிறவை. ஒன்று, போனில் கிரெடிட் கார்டு விற்பது. ஒன்றே ஒன்று உருப்படியானது, ஆனால் அவர்கள் போன வருடமும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வரவில்லை.

அன்று சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவள் நின்றாள். அவளோடு பள்ளியில் படித்த ஒரு பெண், இவளைவிடக் குறைந்த மார்க், நான் எழுதிக் கொடுத்த அந்த மூன்று கல்லூரிகளில் ஒன்றில் சேர்ந்தவள். அவளுக்கு மூன்றாம் வருடத்திலேயே பெரிய கம்பெனியில் வேலை முடிவாகிவிட்டதாம். அதை எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மேடம், எனக்கும் இங்க கேம்பஸ்ல கெடைக்கும்ல?"

அவள் வீட்டில் அன்று காலை டீப்பாய்க்கு எதிரே உட்கார்ந்து உண்மையைச் சொன்னது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது. அவளை அனுப்பிவிடத்தான் அப்போது சொன்னேன். சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட முடிந்தது. இப்போது அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. இன்னும் ஒரு வருடம் இங்கேதான் படித்தாக வேண்டும். அந்த ஒரு வருடத்தை எதை நம்பிப் படிப்பாள்? கீழே பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"கெடைக்கும்" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்னொருவரிடமும் கேட்டிருப்பாள். சொன்னது நான் என்பதால் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள்.